ஒருவர் மேலே, ஒருவர் கீழே

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை வெயில் ஏறிவிட்டால் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்துக் கிணறுகளில் பிள்ளைகள் ஒரு பந்தயம் வைப்பார்கள். ஒருவன் மேல்படியில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவார்கள். கடைசியில் தலை தூக்குகிறவன் கெலித்தான். இதே பந்தயத்தில் கையில் ஓர் ஈட்டியும் எதிரில் ஒரு மீனும் இருந்தால், அதுதான் கடல் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஈட்டி மீன்பிடி. பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. ஆனால் மூச்சடக்கும் ஆட்டத்தில் ஆளைக் கொல்வது எது என்பதைத் தீவுக்காரர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். அந்தப் பாடம் நம் கிணற்றங்கரைக்கும் வேண்டும் என்பதால்தான் இந்த உரை.

பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் ஹவாய்த் தீவுகளை எடுத்துக்கொள்வோம். இரும்பு வருவதற்கு முன் அங்கே ஈட்டி என்பது கவுய்லா என்ற மரத்தில் இழைத்த, ஓர் ஆள் உயரமுள்ள கம்பு. அந்த மரம் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனமானது. முங்கிக் குத்துகிறவனுக்கு அது வசதி. மிதக்கிற கம்பு என்றால் அடியில் இருப்பவன் கையை அது மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், குறி நிற்காது. இரவில் குக்குய் என்ற எண்ணெய்க் கொட்டைகளைப் பந்தமாகக் கட்டிக் கொளுத்தி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து குத்துவார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் தென்னோலைச் சூள் கொளுத்தி, மண்டா என்ற ஈட்டியால் மீன் குத்துவதும் இதே முறைதான். இன்னும் பின்னால் போனால், காய்ந்த மூங்கிலில் செருகிய எறியுளியைத் திமில் என்ற சிறுபடகில் இருந்து வீசிப் பரதவர் சுறா பிடித்ததைச் சங்கப் பாடல் சொல்கிறது. ஆக, இது நமக்குப் புதிய தொழில் இல்லை.

கரையில் நின்று குத்துகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குத்துவார்கள், மீன் முதுகுக்கு மேலே ஈட்டி போய்விடும். தண்ணீரில் ஒளி வளைவதால் நான்கு அடி ஆழத்தில் இருக்கும் மீன் மூன்று அடியில் இருப்பதாகத் தெரியும். அதனால் தெரியும் இடத்துக்குக் கீழே குறி வைக்க வேண்டும். மீன் தள்ளி இருந்து, நாம் சாய்வாகப் பார்க்கப் பார்க்க இந்த வித்தியாசம் கூடும். ஏரிக்கரையில் விரால் குத்துகிறவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே முங்கினால் வேறு கணக்கு. அங்கே மீன் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். நான்கு மீட்டரில் இருக்கும் மீனை மூன்று மீட்டர் என்று எண்ணி விட்டால் ஈட்டி எட்டாது.

பழைய ஹவாயில் எந்த மீனை எப்போது தொடலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அதன் பெயர் கபு. கேட்டவுடன் நம் ஊர்த் திருவிழாவின் காப்புக்கட்டு ஞாபகம் வரும். சொல் ஒத்திருப்பது தற்செயல்தான். ஆனால் காப்புக் கட்டிய பிறகு சிலவற்றைச் செய்யக் கூடாது என்பதுபோல, கபு விழுந்த மீனைத் தொடக் கூடாது. ஓபெலு என்ற சிறுமீனுக்குத் தடை இருக்கும் பருவத்தில் சூரை பிடிக்கலாம், சூரைக்குத் தடை வந்தால் ஓபெலு பிடிக்கலாம். அந்தந்தப் பகுதிக் கரையையும் தண்ணீரையும் கவனிக்கக் கோனோஹிகி என்ற பொறுப்பாளர் இருந்தார். மடை திறப்பதும் அடைப்பதும் நம் ஏரி நீர்க்கட்டியின் கையில் இருந்ததல்லவா, ஏறக்குறைய அதே மரியாதை, அதே பொறுப்பு. 1819-ல் கபு முறை அரசராலேயே நீக்கப்பட்டது. குத்தியதைப் பெரியவர்களுக்கும் கடலில் இறங்க முடியாதவர்களுக்கும் முதலில் கொடுக்கும் வழக்கம் மட்டும் இன்றும் நிற்கிறது. மீன்பிடி அங்கே உறவு பேணும் வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜப்பானின் ஓகினாவாவில், இத்தோமான் ஊர் மீனவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தைக் குடைந்து கண்ணாடி பதித்து, கண்ணில் மாட்டும் நீர்க்கண்ணாடியைச் செய்தார்கள். அப்படிப்பட்ட கண்ணாடியும், பிறகு வந்த ரப்பரும் இரும்பும் சேர்ந்தபோது இந்தத் தொழிலின் முகமே மாறியது.

இன்றைக்கும் ஹவாயில் சிறுவர்கள் முதலில் கற்பது முக்கவர் ஈட்டியில்தான். கண்ணாடி இழையால் செய்த ஆறு முதல் எட்டடிக் கம்பு. நுனியில் மூன்று எஃகு முட்கள். அடிமுனையில் ஒரு ரப்பர் வளையம். வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கையை முடிந்தவரை கம்பின் முன்பக்கம் நகர்த்தி இறுகப் பிடிக்க வேண்டும். பிடியைத் தளர்த்தினால் கம்பு பாயும். அந்தப் பாய்ச்சலின் பலம் நுனிக்கு முன்னால் சில அடிகளுக்கு மட்டுமே. ஆகவே மீனிடம் நெருங்கத் தெரிந்தவனுக்குத்தான் மீன். கையை இழுத்துப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தால் முன்கை நடுங்கும், குறி தவறும். மீன் திரும்பி விலாப்பக்கம் காட்டும் வரை பொறுத்து, கடைசி நொடியில் இழுப்பவன்தான் கைகாரன். வெயிலில் போட்டுவைத்த ரப்பரை விரலால் மடித்துப் பாருங்கள். மேலே நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதை எறிந்துவிட வேண்டும், அது முகத்துக்கு நேராக அறுந்து அடிக்கும்.

துப்பாக்கி அடுத்த படி. பெயர்தான் துப்பாக்கி, உள்ளே மருந்து கிடையாது. நீண்ட தண்டு, பின்னால் விசை, முன்னால் 14 அல்லது 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் பட்டைகள், அவற்றில் மாட்டிய 6.5 முதல் 7 மில்லிமீட்டர் எஃகு அம்பு. அம்பின் நுனியில் மடங்கும் முள் ஒன்று இருக்கும். குத்தும்போது ஒட்டிக்கொண்டு உள்ளே போய், இழுத்தால் விரிந்து மீனைப் பிடித்துக்கொள்ளும். முள்ளின் ஆணியில் மணலோ துருவோ ஏறி முள் விரியாமல் போனால், கிழிந்த காயத்தோடு மீன் தப்பிவிடும். பெரும்பாலும் அது பிழைக்காது. ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் அந்த முள்ளை விரலால் தட்டிப் பார்ப்பது அதனால்தான். ரப்பரைத் தண்ணீரில் இறங்கிய பிறகே பூட்ட வேண்டும், மேலே ஏறும் முன் கழற்ற வேண்டும். படகில் பூட்டிய துப்பாக்கி இருக்கவே கூடாது. இந்த ஒரு விதியில் உலகின் எந்தத் தீவிலும் விட்டுக்கொடுப்பு இல்லை.

போட்டிகளுக்கு வருவோம். முதல் உலக வாகையர் போட்டி 1957-ல் அன்றைய யூகோஸ்லாவியாவின் லோஷின் தீவில் நடந்தது. 1960-ல் இத்தாலியின் உஸ்திகா தீவு, 1965-ல் தஹிதி. தஹிதியில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர். பின்னாளில் கடலடிப் படப்பிடிப்பிலும் சுறாக்களைக் காப்பதிலும் பெயர் பெற்றவர் அவரேதான். மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்கா என்ற தீவைச் சேர்ந்த ஹோசே அமெங்குவால் 1973, 1981, 1985 என மூன்று முறை உலக வாகை சூடினார். தீவுக்காரர்களுக்கு இந்தக் கலை எவ்வளவு இயல்பு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போட்டியின் அடிப்படை எளிது. முதுகில் மாட்டும் காற்று உருளை கூடாது, ஒரே மூச்சில் போய்வர வேண்டும். குறித்த மணி நேரத்துக்குள் பிடித்ததை எடை மேடையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தபட்ச எடை உண்டு, அதற்குக் கீழே இருந்தால் புள்ளி கிடையாது. தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும் என்று சொன்னேனே, அது இங்கேதான் வீரர்களைக் கவிழ்க்கும். ஒரு கிலோ என்று குத்தியது மேலே வந்ததும் முக்கால் கிலோவாக இருக்கும். எடை போட்ட பிறகு மீன் கரையிலேயே பங்கு பிரிந்து அடுப்புக்குப் போகும்.

என்னைக் கேட்டால், ஈட்டியின் பெருமை வேகத்தில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது. வலை எல்லாவற்றையும் வாரும். தூண்டில் எதைப் பிடிக்கும் என்பது இழுத்த பிறகே தெரியும். ஈட்டிக்காரன் முகம் பார்த்து எடுக்கிறான். அந்தத் தேர்வு தவறும்போது சேதமும் பெரிது. கிளிமீன்கள் இரவில் பாறை இடுக்கில் அயர்ந்து தூங்கும். காற்று உருளையோடும் விளக்கோடும் போனவர்கள் அவற்றைக் காய் பறிப்பதுபோல் பறித்துவந்தார்கள். பவளப்பாறையில் படரும் பாசியை மேய்ந்து சுத்தமாக வைப்பது இந்த மீன்தான். பசிபிக் தீவுகளான அமெரிக்க சமோவா 2001-லும், குவாம் 2020-லும் காற்று உருளையோடு ஈட்டி பிடிப்பதைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல திருப்பமும் உண்டு. 1956-ல் உணவுக்காக ஹவாய்க்குக் கொண்டுவந்துவிட்ட ரோய் என்ற களவா வகை மீன் பெருகி, உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கியது. சிகுவாத்தெரா என்ற நஞ்சு அதில் சேர்வதால் மக்கள் அதை உண்ணவும் அஞ்சுகிறார்கள். சமைத்தாலும் உறையவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இப்போது ரோயை மட்டும் குத்துவதற்கென்றே அங்கே போட்டி வைக்கிறார்கள். நம் ஏரிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்து நாட்டு மீனைத் தின்பதைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். இதைக் கேட்டு நம் கடலுக்கு ஈட்டியோடு கிளம்பிவிட வேண்டாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே வேட்டைக்கு இடமில்லை.

இனி, மூச்சு.

மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. முங்கும் முன் வேகவேகமாகப் பத்து இருபது முறை மூச்சு இழுத்து விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும், ஆனால் ஆக்சிஜன் அதிகமாவதில்லை. ஆகவே முட்டும் உணர்வு தாமதமாக வரும். அது வரும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். வலியும் இல்லை, திணறலும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. நான்கு அடித் தண்ணீரிலும் இது நடக்கும்.

ஆழத்தில் இன்னொரு சூது இருக்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. நுரையீரலில் ஆக்சிஜன் 9 விழுக்காடாகக் குறைந்தாலும், அந்த அழுத்தத்தில் அது மேலே 27 விழுக்காடு இருப்பதற்குச் சமம். தெம்பாகவே இருக்கும், இன்னும் ஒரு மீனைப் பார்க்கலாம் என்று தோன்றும். மேலே ஏற ஏற அழுத்தம் இறங்கி, 9 என்பது வெறும் 9 ஆகிவிடும். கடைசி 10 மீட்டரிலும், தலை வெளியே வந்த பிறகு முதல் அரை நிமிடத்திலும்தான் பெரும்பாலோர் மயங்குகிறார்கள். போட்டியில் இது அதிகம், ஏனென்றால் எதிரில் இருக்கும் மீன் புள்ளியாகத் தெரிகிறது.

இதற்கு ஈட்டிக்காரர்கள் வைத்திருக்கும் விதி: ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இரண்டு பேருக்கு ஒரே துப்பாக்கி. கையில் ஈட்டி இல்லாதவனுக்குக் கூட்டாளியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஏறி வந்தவனை 30 நொடி முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அடியில் இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வு. வேக மூச்சு அறவே கூடாது.

கிணற்றுக்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைப்போல் தூக்காது. 60 கிலோ உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தாங்கல் குறையும். மயங்கியவன் மிதக்க மாட்டான், அமிழ்வான். கலங்கிய தண்ணீரில் தெரியவும் மாட்டான். கயிற்றின் ஒரு முனை முங்குகிறவன் கையில் கட்டியிருக்க வேண்டும், மறுமுனை படியில் இருப்பவன் கையில். எண்ணுகிறவன் நீச்சல் தெரிந்தவனாக இருக்க வேண்டும், அவன் பந்தயத்தில் சேரக் கூடாது.

யாராவது மயங்கிவிட்டால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி முதலில் தூக்கிப் பிடியுங்கள். கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, பேர் சொல்லி "மூச்சு விடு" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். உடனே தூக்கியிருந்தால் பெரும்பாலோர் சில நொடியில் கண் விழிப்பார்கள். விழிக்காவிட்டால் மூக்கைப் பொத்தி வாயில் இரண்டு முறை ஊதுங்கள். கரைக்குக் கொண்டுவந்து 108-க்குச் சொல்லச் சொல்லிவிட்டு, மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதை விடாமல் செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது, தலைகீழாகப் பிடிப்பது எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் அவனை அன்றைக்குத் தண்ணீரில் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும்.

வணக்கம்.