மஞ்சள் வயரைத் தொடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் 26 வருஷமாக கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எங்கள் பட்டறைக்கு எந்த வண்டி வந்து என்ன கோளாறு சொன்னாலும் எங்கள் வாயில் முதலில் வருகிற வார்த்தை, "கழட்டிப் பாத்துரலாங்ணா". ஸ்டார்ட்டர் மோட்டாரா, கழற்றிப் பார்ப்போம். ஹாரன் அடிக்கவில்லையா, டெஸ்ட் லேம்ப்பை எடுத்து வயரில் கரண்ட் வருகிறதா என்று குத்திப் பார்ப்போம். ரிலே ஒட்டிக்கொண்டதா, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நாலு தட்டுத் தட்டுவோம். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். கழற்றுவது, குத்துவது, தட்டுவது. இந்த மூன்றுதான் எங்கள் கைப்பழக்கம். வண்டியில் ஒரே ஒரு சாமானிடம் இந்த மூன்றும் செல்லாது. ஏர் பேக்.

பலரும் அதை ஒரு பலூன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும், மோதினால் திறந்துகொள்ளும் என்று. டிரைவர் பக்கப் பையைப் பொறுத்தவரை அப்படி இல்லை. ஸ்டீயரிங் நடுவில் ஹாரன் பேடுக்குப் பின்னால் ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்கு இரும்பு டப்பா இருக்கும். இன்ஃப்ளேட்டர் என்பது அதுதான். அதற்குள் மாத்திரை மாத்திரையாக வேகமாக எரிகிற மருந்து. பற்றவைக்க ஒரு குட்டி மின்திரி. மருந்து எரிந்து வருகிற வாயுதான் பையை நிரப்புகிறது. சிவகாசிப் பக்கத்து ஆளிடம் சொன்னால் ஒரே வாக்கியத்தில் புரிந்துகொள்வார்.

மோதிய கணத்திலிருந்து ஏறக்குறைய 15, 20 மில்லி வினாடிக்குள், பையை விரிக்கலாமா என்று ஏர் பேக் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. அடுத்த 30 மில்லி வினாடியில் பை விரிந்துவிடும். கண் இமைக்கிற நேரம் என்கிறோமே, அதற்குள் பை விரிந்து, முகத்தைத் தாங்கி, பின்பக்க ஓட்டை வழியாக வாயுவை விட்டுத் தளரவும் ஆரம்பித்திருக்கும். விரிகிற வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்துக்கு முன்னால் நம் கையோ தாடையோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டெஸ்ட் லேம்ப் கணக்கைக் கேளுங்கள். எங்களில் நிறையப் பேர் பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் செய்து வைத்திருப்போம். அது 21 வாட் பல்பு. 12 வோல்ட்டில் எரியும்போது 1.75 ஆம்பியர் இழுக்கும். ஏர் பேக்கின் திரி பற்ற, சுமார் 1.2 ஆம்பியர், அதுவும் 2 மில்லி வினாடிக்குப் பாய்ந்தால் போதும். அதாவது நாங்கள் சோதிக்கிற கருவியே பற்றவைக்கிற கருவி.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வெகு நாள் முன்னால், நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துப் பட்டறை அண்ணன் ஒருவர் ஹாரன் பேடைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். வயர் மேலே தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. பேட்டரி வண்டியிலேயே இருந்தது. அதிலிருந்து வயர் இழுத்து டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். சத்தம் கேட்டு நாங்கள் டயர்தான் வெடித்தது என்று ஓடினோம். பை மேசையைக் கீழே உதைத்து, அந்த இரும்பு டப்பா மேலே எகிறி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கொண்டு போயிருந்தது. அண்ணன் சற்றுச் சாய்ந்து நின்றதால் தலை தப்பியது. வலது காதில் பத்து நாளைக்கு விசில் அடித்துக்கொண்டே இருந்ததாம். "ஏன்டா எல்லாரும் மெதுவா பேசறீங்க" என்று அவர் கேட்டது எங்களுக்கு ரொம்ப நாள் சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

கழற்றிய மாட்யூலை, அதாவது மூடியும் பையும் டப்பாவும் சேர்ந்த அந்தச் சாமானை, கவிழ்த்து வைக்கக்கூடாது என்கிற விதி இதற்காகத்தான். தோல் மூடி மேலே பார்த்தபடி, மேலே எதையும் அடுக்காமல் வைக்க வேண்டும். அப்படி இருந்தால், தப்பித்தவறி வெடித்தாலும் பை வெறும் காற்றில் விரியும். டப்பா பறக்காது. தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் மூடி நம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். குழந்தையை மார்போடு அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். வயரைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, கழற்றுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? சாவியை அணைத்து எடுத்துவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாதபடி துணி சுற்றி ஒதுக்க வேண்டும். அப்புறம் சும்மா இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் கற்றுக்கொள்ள ரொம்பக் கஷ்டமான வேலை இந்தச் சும்மா இருப்பதுதான்.

ஏன் சும்மா இருக்க வேண்டும்? விபத்தில் முதலில் நசுங்குவது வண்டியின் மூக்கு. பேட்டரியும் பெரும்பாலும் அங்கேதான். பேட்டரி போன பிறகும் பை விரிய வேண்டும் என்பதற்காக, ஏர் பேக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கெப்பாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டோம், இனி பயமில்லை என்று நாம் நினைக்கிற நேரத்திலும் அதற்குள் பையை வெடிக்கவைக்கத் தேவையான அளவு மிச்சம் இருக்கும். அது வடிய வேண்டும். சில கம்பெனி கையேட்டில் 90 வினாடி என்று போட்டிருக்கும், சிலவற்றில் 3 நிமிடம். அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதுதான் கணக்கு. எங்கள் பட்டறையில் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு வழி வைத்திருக்கிறோம். நெகட்டிவைக் கழற்றினால் டீக்கடைக்குப் போக வேண்டும். டீ குடித்து டம்ளரை வைத்துவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும். பையன்களுக்கு இந்த ஒரு விதி மட்டும் மறப்பதே இல்லை.

ஏர் பேக் வயர்களுக்கு மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் போட்டிருப்பார்கள். வேறு வயர் எதையும் தொடு, மஞ்சளைத் தொடும் முன் என்னைக் கூப்பிடு என்று புதிதாகச் சேர்கிற பையனிடம் சொல்வேன். அந்தக் கனெக்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரித்த உடனே உள்ளே ஒரு சின்னத் தகடு திரியின் இரண்டு முனையையும் ஒன்று சேர்த்துவிடும். வெளியிலிருந்து வருகிற நிலைமின்சாரம் திரியைப் பற்றவைக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அதனால் கனெக்டருக்குள் ஊசி, குண்டூசி எதையும் விட்டுக் கிண்டக்கூடாது. கையை முதலில் வண்டியின் இரும்பில் வைத்துவிட்டுத்தான் மாட்யூலைத் தொட வேண்டும். திரியின் மின்தடை எத்தனை ஓம்ஸ் என்று மல்டிமீட்டரை நேராக வைத்துப் பார்ப்பதும் கூடாது. பைக்குப் பதிலாக சுமார் 2 ஓம்ஸ் உள்ள டம்மி ரெசிஸ்டரை மாட்டி, ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் காட்டுகிற கோளாறு எண் போய்விட்டால் பழுது பையில். போகவில்லையா, வயரில்.

ஸ்டீயரிங்கைக் கழற்றும்போது முன் சக்கரம் நேராக இருக்கட்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே கடிகாரச் சுருள் மாதிரி ஒரு பட்டை வயர் இருக்கும். க்ளாக் ஸ்பிரிங் என்போம். நடுவில் வைத்து மாட்டாவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடலாம். ஹாரனும் போகும், ஏர் பேக்கும் போகும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருகிறேன். சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஏர் பேக் விளக்கு எரிந்து, பெரும்பாலான வண்டிகளில் 6 வினாடி போல் இருந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால், விபத்து நேரத்தில் பை விரியாமல் போகலாம். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். விளக்கு அணையவே இல்லை. கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்களாம், ஆள் வாடிப்போயிருந்தார். டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். அடியில் இரண்டு இளநீர். உருண்டு உருண்டு மஞ்சள் கனெக்டரை இடித்து, அது பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து, கனெக்டரை 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டி, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்தேன். அவ்வளவுதான். ஒரு இளநீரை எனக்கு வெட்டிக் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், குடை, செருப்பு போடுகிற வீடுகளில் இந்தக் கோளாறு சகஜம்.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. "அண்ணா, பல்பை மட்டும் புடுங்கி விட்டுருங்களேன், விக்கப் போற வண்டிதான்" என்று கேட்டவர்கள் உண்டு. சிலர் அதைச் செய்தும் கொடுக்கிறார்கள். வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், அதோடு சேர்ந்து எரிந்து அதோடு அணையும். இன்னும் கெட்டிக்காரர்கள் விரிந்துபோன பையைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ரெசிஸ்டரை மாட்டி, மூடியை ஒட்டி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். மேலே நான் சோதிக்கச் சொன்ன அதே ரெசிஸ்டர்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் ஹாரன் பேடின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தையலோ பசையோ பெயின்ட் வேறுபாடோ தெரிகிறதா? எதிர்ப்பக்க டேஷ்போர்டு அந்த வண்டியின் நிறத்திலேயே இருக்கிறதா? சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்குகிற அமைப்பிலும் பல வண்டிகளில் ஒரு வெடித்திரி இருக்கிறது. மோதலில் அது வேலை செய்திருந்தால் பெல்ட் பூட்டிக்கொண்டு சரியாக ஓடாது.

இதெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டியிருக்கிறது? நம் நாட்டில் டிரைவர் பக்க ஏர் பேக்கை 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பக்கத்து சீட்டுக்கு 2021 ஏப்ரலில் புதிய மாடல்களில் தொடங்கி, அந்த வருஷக் கடைசிக்குள் எல்லா மாடல்களுக்கும் வந்தது. அந்த வண்டிகளுக்கெல்லாம் கம்பெனி வாரண்டி முடிந்து, இப்போது எங்களைப் போன்ற தெருமுனைப் பட்டறைக்கு வருகின்றன. முன்பு பணக்கார வண்டியில் மட்டும் இருந்த வெடிமருந்து இப்போது ஆல்டோவிலும் இருக்கிறது. வெல்டிங் வைக்கிறவர், பெயின்ட் அடித்து ஓவன் சூட்டில் காயவைக்கிறவர், சீட் கவர் தைக்கிறவர் எல்லாருக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம். சீட்டின் பக்கத்தில் ஏர் பேக் என்று எழுதிய துணித்துண்டு தெரிந்தால், அந்தப் பக்கம் இறுக்கமான கவர் போட்டுத் தைக்கக்கூடாது. பை வெளியே வரத் தையல் பிரிய வேண்டும்.

மருந்து பழசானால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் டகாட்டா கம்பெனி ஒரு பாடம். அவர்கள் அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரமும் வருஷக்கணக்கில் மாறி மாறிப் பட்டு அந்த மருந்து பொடிந்தது. பொடிந்ததால் எரிகிற வேகம் கூடியது. டப்பாவே வெடித்து இரும்புச் சிதறல் ஓட்டுநர் கழுத்தில் பாய்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017ல் கம்பெனி திவாலானது. இந்தியாவிலும் லட்சக்கணக்கான கார்களுக்கு இலவசமாக மாற்றிக்கொடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் என்றால் சென்னை, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? வண்டியின் சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால், உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2023 டிசம்பர் மாதிரி சென்னை வெள்ளத்தில் சீட் வரை முங்கிய வண்டியை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஏர் பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கியர் லீவருக்குக் கீழே, தரையோடு தரையாக இருக்கும். முதலில் குளிப்பது அதுதான்.

ஏற்கெனவே விரிந்த பையைத் துடைக்கிறவர்கள் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைப் பொடி கண்ணில் பட்டால் எரியும். இரும்பு டப்பா அரை மணி நேரம் சுடும். விரியாத பழைய மாட்யூலை ஆக்கர் கடையில் எடைக்குப் போடாதீர்கள், யாராவது சுத்தியலால் தட்டுவார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள்.

கடைசியாகப் பிள்ளையாரைப் பற்றி. பக்கத்து சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் சின்னதாக ஏர் பேக் என்று பொறித்திருக்கும். அந்த எழுத்துக்கு மேலேயே அரை கிலோ பித்தளைப் பிள்ளையாரை ஒட்டி ஒரு வண்டி வந்தது. பை விரிந்தால் அவர்தான் முதலில் புறப்படுவார். சொன்னால் குடும்பத்துக்கு மனசு கேட்கவில்லை. "சாமியை எடுக்கறதாண்ணா?" என்று அந்த அம்மா தயங்கினார். எடுக்க வேண்டாங்க, நகர்த்தினால் போதும், நடுவிலே ஆடியோவுக்கு மேலே வைத்தால் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பார் என்றேன். ஒத்துக்கொண்டார். பசைதான் ஒத்துக்கொள்ளவில்லை. மீன்பிடி நரம்பை அடியில் விட்டு அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

வணக்கம்.