உடல் பருமனுக்குப் பெரிதும் காரணம் வம்சமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணித் தலைவர் "குண்டான அப்பா அம்மாவுக்குக் குண்டான பிள்ளை பிறப்பது ரத்தத்தால் இல்லை, அந்த வீட்டுச் சமையலால்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார்.

சரி, பிள்ளையை அந்தச் சமையலறையிலிருந்தே வெளியே எடுத்துவிட்டால்? டென்மார்க்கில் தத்துப் போன 540 பேரைப் பெரியவர்களான பிறகு பார்த்தார்கள். 1986இல் வெளியான ஆய்வு அது. அவர்களின் உடல்வாகு பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது. ஊட்டி வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவே இல்லை! வளர்த்த அம்மாவின் சமையலுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது.

கனடாவில் இன்னொன்று. ஒரே கருவில் உருவான இரட்டையர், 12 ஜோடி. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள், மொத்தம் 84 நாள். ஒருவருக்கு ஏறியது 4 கிலோ சொச்சம், இன்னொருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் பார்த்தால் அண்ணனுக்கு ஏறிய அளவை ஒட்டியே தம்பிக்கும் ஏறியிருந்தது. கூடுதல் தீனி எல்லோருக்கும் ஒன்றுதானே ஐயா?

"ஐம்பது வருஷத்தில் மரபணுவா மாறியது, சாப்பாடுதானே மாறியது" என்று அடுத்துக் கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். மரபணு மாறவில்லை. எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வகையை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கியவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள் என்று 2007இல் தெரியவந்தது. அது தாத்தா காலத்திலும் இருந்ததுதான். சேர்த்துவைக்க அன்று சோறு இல்லை. இன்று பரோட்டா தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. ஆனால் தெருவே பருத்துவிடவில்லையே!

கடைசியாக ஒரு குழந்தை. இங்கிலாந்தில் எட்டு வயதில் 86 கிலோ. "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் அவள் உடலில் உருவாகவே இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த மரபணுக் கோளாறு. உறவுக்காரப் பையனுக்கும் அதே கதை. இப்படிப்பட்டவர்கள் அபூர்வம்தான். ஆனால் வாயைக் கட்டச் சொல்லும் எதிரணி இதைக் கேட்டே ஆக வேண்டும்: லெப்டின் ஊசி போட ஆரம்பித்த பிறகு அவளுக்குப் பசி அடங்கியது, ஒரு வருஷத்தில் 16 கிலோ இறங்கியது. அதுவரை அந்தப் பிள்ளையை எத்தனை பேர் தீனிப்பண்டாரம் என்று திட்டியிருப்பார்கள், நடுவர் அவர்களே?