மழலை கேளாதவர் தீர்ப்பு

அவையோர்க்கு வணக்கம்.

'குழலினிது யாழினிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்' என்ற குறளை மக்கட்பேற்றின் பெருமையைச் சொல்வதாகப் பள்ளியில் படித்தோம். எனக்கோ, யாராவது ஒரு பாட்டைப் பற்றி அடித்துப் பேசும்போதெல்லாம் அந்தக் குறள்தான் நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் குழலில் குறை காணவில்லை, யாழையும் பழிக்கவில்லை. இனிது என்று தீர்ப்புச் சொன்னவர் எதைக் கேட்டு வளர்ந்தவர், எதைக் கேளாதவர் என்று பார்க்கிறார். தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றியும் திரைப்பாட்டைப் பற்றியும் நாம் உறுதியாகச் சொல்லும் கருத்துகளில் பாதிக்கு மேல் நம் வீட்டுக் கதையாகவே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், பழைய படமொன்றைக் கேலி செய்யும் நிகழ்ச்சியைப் பேரனும் நானும் வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கதாநாயகனின் புகழ்பெற்ற வசனத்தை நடிகர் ஒருவர் நீட்டி முழக்கிப் பேசியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேரன் திரும்பி, "எதுக்கு ஐயா சிரிச்சீக?" என்றான். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சிறிது நேரத்தில் அதே நடிகர் இல்லாத நாற்காலியில் உட்காரப் போய் விழுந்தபோது அவன் உருண்டு புரண்டு சிரித்தான். நான் பேசாமல் இருந்தேன். நகை பிறக்கும் இடங்களை 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று தொல்காப்பியர் நான்காக வகுத்தார். எள்ளலுக்கு முன்னறிவு வேண்டும். கேலி செய்யப்படும் பொருளைத் தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். பேதைமைக்கு அந்த முதலீடு தேவையில்லை. ஒரே அரைமணி நேரத்தில் நாங்கள் இருவரும் வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறோம். அது நன்றாக இருந்ததா என்று கேட்டால் எங்களுக்குள் சண்டைதான் வரும்.

சிரிப்பில் பக்கத்தில் இருப்பவருக்கும் பங்குண்டு. இதைத் தெரிந்துதான் 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர், பதிவு செய்த சிரிப்பை வேண்டிய இடத்தில் சேர்க்க ஒரு பொறியையே செய்தார். எங்களுக்கு அந்தப் பொறி தேவைப்படவில்லை. தூர்தர்ஷன் ஒன்றே இருந்த நாளில் வளவு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, அப்பத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்குவார்கள். அதைப் பார்த்தே மற்றவர்கள் சிரிப்போம். அந்தக் காலத்து நாடகமொன்றை அண்மையில் தனியாகப் பார்த்தேன். வசனம் ஒன்றுகூட மாறவில்லை. ஒரு முறைதான் சிரித்தேன். 'அந்தக் கால நகைச்சுவை போல வருமா' என்று மேடைதோறும் சொல்லி வந்தவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டுக்கு வருவோம். ஒருவர் தம் இருபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த பாட்டுகளையே வாழ்நாள் முழுதும் மிகுதியாக விரும்புகிறார் என்று ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் எழுதினார்கள். அவர்கள் கணக்கில் உச்சம் ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. 1976இல் இளையராஜா 'அன்னக்கிளி'யில் அறிமுகமானபோது எனக்கு இருபத்தொன்று. கிராமபோன் காலத்துக் காதுகளை உடைய என் அப்பச்சி, "நடவுப் பாட்டக் காசு குடுத்துக் கேக்கணுமாக்கும்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 1992இல் 'ரோஜா' வந்தபோது ஏறக்குறைய அதே குரலில் நான் வேறொன்று சொன்னேன். சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஊர்ப்பற்றும் மதிப்பெண் போடும். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி நம் செட்டிநாட்டில் பக்கத்து ஊர் என்பதால் அவர் வரி எது வந்தாலும் கேட்பதற்கு முன்பே தலையாட்டிவிடுகிறோம். தலையாட்டத் தகுந்த வரிகள் ஏராளம் என்பது வேறு செய்தி.

விருப்பம் கொள்கையாக வேடமிடும்போதுதான் வம்பு. கச்சேரியில் தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாகப் பாடிய காலத்தில், இசைக்கு மொழியில்லை என்றவர்களே தமிழில் கீர்த்தனைகள் போதாது என்றும் வாதாடினார்கள். காது பழகிய பழக்கத்தை அவர்கள் இசையிலக்கணம் என்றே நம்பினார்கள். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டார். மேடையில் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்ததே அந்த இயக்கத்தின் நல்ல விடை என்பேன். நம் கவுனி அரிசியும் அப்படித்தான். பர்மாவிலிருந்து வந்தது, இன்று அது இல்லாமல் விருந்தில்லை.

அப்படியானால் எல்லாம் அவரவர் விருப்பம் என்று கைகழுவிவிடலாமா? நான் அதற்கு உடன்படவில்லை. ஒருவரின் நிறத்தையும் பருமனையும் காட்டியே சிரிப்பு மூட்டும் நிகழ்ச்சியைக் குறைசொல்ல என் வயதும் ஊரும் காரணமல்ல. அங்கே எழுதியவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை என்பதைக் காட்சி காட்சியாக எடுத்துக் காட்ட முடியும். ஆண் பெண்வேடமிட்டு வந்து நிற்பதே நகைச்சுவை என்று நூறாவது வாரமும் நம்புவதும் சோம்பல்தான். காரணம் காட்டி வாதாடக்கூடிய இடம் இது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதோடு நிற்க வேண்டிய இடம் வேறு.

போன மாதம் பேரன் புதுப்பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். "சொல்லே கேக்கலையேப்பா" என்றேன். "மொதல்ல பாட்டக் கேளுங்க ஐயா, சொல்ல அப்புறம் கேக்கலாம்" என்று மறுபடியும் போட்டான். பிடித்தது என்று இந்த அவையில் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பறை எழும்பிய இடத்தில் என் விரல்கள் ஆத்தங்குடிக் கல்லில் தாளம் போட்டதை அவன் பார்த்துவிட்டான்.