ஈரக் குப்பையைத் தனியே எடுத்தால்

நேயர்களுக்கு வணக்கம். வளரும் நாடுகளில் குப்பையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை லாரி வாங்கலாம், எரிஉலை அமைக்கலாமா என்று இயந்திரங்களைப் பற்றிய விவாதமே முந்திக்கொள்கிறது. வீட்டுக்குள் காய்கறித் தோலும் காகிதமும் ஒரே கூடையில் விழுகின்றனவா என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏழை நாடுகளின் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது உணவு மிச்சமும் இலைதழையும்தான். அந்த ஈரத்தில் நனைந்த காகிதத்துக்கு விலை கிடைப்பதில்லை. எரிஉலைக்கு அனுப்பினால், நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் பெரும்பங்கு செலவாகி, மின்சாரம் தரும் என்று நம்பிக் கட்டிய உலை தானே எரிபொருள் கேட்கத் தொடங்குகிறது. கிடங்கில் கொட்டி மூடினாலோ, காற்றுப் புகாத அடுக்குகளில் அழுகி மீத்தேனை வெளிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது அது. 2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அதே ஈரக் குப்பையைத் தனியே எடுத்து, உலர்ந்த சருகோடு அடுக்கி, காற்றோட்டம் குறையாமல் கிளறிவந்தால், குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறி, நோய்க்கிருமிகள் மடிந்து, சில மாதங்களில் நல்ல உரம் கிடைக்கிறது. பெரிய ஆலை தேவையில்லை; தெருக்கோடியில் ஒரு தொட்டியும், அதன் பக்குவம் அறிந்த ஓர் ஆளும் போதும். ஆள்தான் முக்கியம், கவனிப்பாரில்லாத தொட்டி ஒரே வாரத்தில் நாறிவிடும்.

உலர்ந்த குப்பைக்கோ ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இந்நாடுகளில் மறுசுழற்சிக்குப் போகும் பொருளில் பெரும்பகுதியைப் பொறுக்கி எடுப்பவர்கள், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத குப்பை சேகரிப்போரே. பிரேசில் 2010இல் இயற்றிய திடக்கழிவுச் சட்டத்தில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களுக்கு இடமளித்தது. அவர்களை விலக்கிவிட்டு ஒப்பந்ததாரரிடம் மொத்தத்தையும் ஒப்படைப்பது, கைவசமுள்ள திறமையைக் குப்பையில் போடுவதாகும்.

மக்கள் ஒத்துழைப்பதில்லை என்ற குறையையும் அடிக்கடி கேட்கிறோம். பிரித்துக் கொடுத்த இரண்டு கூடைகளையும் தம் கண்முன்னே ஒரே வண்டியில் கவிழ்ப்பதைப் பார்த்தவர்கள், மறுநாள் எதற்காகப் பிரிப்பார்கள்? ஆகவே, வீடுதோறும் கூடை வழங்குவதற்கு முன்பே, சேகரிக்கும் வண்டிக்குள் ஒரு தடுப்பை வைத்துவிட வேண்டும்.