வானமும் வெளுப்புத் திடலும்

அவையில் கூடியிருக்கும் பெருமக்களே,

17ஆம் நூற்றாண்டு டச்சு நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் புகழ்வது அவற்றின் வானத்தைத்தான். அந்தப் புகழ் தகுதியானதே. ஆனால் அந்த வானத்தின் கீழே உழைத்துக்கொண்டிருக்கும் மனிதர்களைக் காட்சியை நிரப்பும் சிறு புள்ளிகள் என்று நாம் கடந்துபோய்விடுகிறோமே என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் யாக்கோப் வான் ருய்ஸ்டால் வரைந்த, ஹார்லெம் என்ற டச்சு நகரின் காட்சி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 55 செ.மீ. உயரமே கொண்ட அப்படத்தில் மூன்றில் இரண்டு பங்கு முகில் திரண்ட வானம். தொடுவானத்தில் புனித பாவோ தேவாலயம். முன்னால், மணற்குன்றுகளின் அடிவாரப் புல்வெளியில், நீள நீளமாக விரித்த வெள்ளைத் துணிகளும் அவற்றினிடையே கடுகளவு மனிதர்களும்.

அவை லினன் துணிகள். உள்ளூரில் நெய்தவையோடு, ஜெர்மானிய நாடுகள் போன்ற வெளியிடங்களில் நெய்தவையும் வெளுப்பதற்காக ஹார்லெமுக்கு வந்தன. மணற்குன்றுகளில் ஊறிவந்த தூய நீரும், அண்டைப் பண்ணைகளில் கிடைத்த மோரும் அவ்வூருக்கு வாய்த்த செல்வங்கள். துணியைச் சாம்பல் காரநீரில் ஊறவைத்து, அலசி, புல்மேல் விரித்து, காயக்காய நீர் தெளித்து, பிறகு மோரில் ஊறவைத்து, மீண்டும் வெயிலில் விரிப்பார்கள். ஒரு துணி வெண்மை பெற மாதக்கணக்கில் ஆகும். இத்திடல்களில் உழைத்தவர்களில் பெண்கள் ஏராளம்.

இந்த வேலைமுறையை அறிந்த பின் படத்தை மறுபடி பாருங்கள். முகில்களின் இடைவெளியில் இறங்கும் வெயில் வெளுப்புத் திடலின் மேல் விழுகிறது. அழகுக்காக மட்டும் ருய்ஸ்டால் அதை அங்கே விழவைத்தார் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வெயில் இல்லையேல் அங்கே வேலை இல்லை. முகில் மூடினால் துணி வெளுக்கக் காத்திருக்க வேண்டும். அந்த வானம் அவர்களுடைய பிழைப்பின் ஒரு பகுதி. ருய்ஸ்டால் ஹார்லெமில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இதே திடல்களை அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார் என்பது என்னை நெகிழவைக்கிறது.

அவருடைய மாணவர் ஹொப்பெமா 1689இல் வரைந்த மிடில்ஹார்னிஸ் சாலை உலகறிந்த ஓவியம். நெட்டையான மரங்களிடையே ஓடும் சாலையிலேயே நம் கண் நிலைத்துவிடும். வலப்புறத் தோட்டத்தில் ஒருவர் இளஞ்செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருப்பதைக் காணுங்கள். பிறகு சாலையோர மரங்களைப் பாருங்கள். அவற்றின் கிளைகளும் உச்சிவரை அதே போன்ற கைகளால் கழிக்கப்பட்டவையே.