கூரையில் இரண்டு சைக்கிள், தாங்கியில் எவ்வளவு பெற்றோல்?

[காட்சி: வவுனியா, விடிகாலை. வெள்ளை அக்குவா கார். கூரையில் இரண்டு சைக்கிள்கள், பழைய ரியூப்பைக் கிழித்த இறப்பர் பட்டிகளால் இறுக்கிக் கட்டியிருக்கின்றன.]

வணக்கம். இந்த இரண்டு சைக்கிளும் கிளிநொச்சியில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளுக்கு. பெரியவனுக்கு ஒன்று, சின்னவளுக்குக் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று. லொறியில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் நானும் போகிறேன், காரும் போகிறது, கூரை சும்மாதானே கிடக்கிறது என்று ஏற்றிக் கட்டிவிட்டேன்.

ஓமந்தை தாண்டியதும், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று காட்டும் மீற்றரைப் பார்த்தேன். என்னுடையது யப்பானில் இருந்து வந்த ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் என்ஜினும் மின்சார மோட்டரும் சேர்ந்து ஓட்டுவது. திரையில் எல்லாம் யப்பான் எழுத்து. ஆனால் எண்ணுக்கு மொழி கிடையாதே. வழக்கமாக அந்த இடத்தில் நிற்கும் எண் அன்றைக்கு நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த மாமா சொன்னார்: "பாரம் ஏத்திட்டாய் தம்பி, அதுதான் எண்ணெய் குடிக்குது."

எல்லோரும் சொல்வது அதைத்தான், முதலில் அதையே பார்ப்போம். சாதாரண சைக்கிள் ஒன்று 20 கிலோவைத் தாண்டாது. இரண்டும் சேர்த்து 40 கிலோ. காரில் 45 கிலோ கூடினால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசு சாரதிகளுக்குச் சொல்லும் கணக்கு. மாமாவின் நிறை இரண்டு சைக்கிளையும் விட இரண்டு மடங்கு. பாரம்தான் காரணம் என்றால் மாமாவைத்தான் முதலில் இறக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை.

காரணம் காற்று.

[காட்சி: மன்னார் கரையோரக் காற்றாலைகள்.]

மன்னார்த் தீவில் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 விசிறிகள், 103.5 மெகாவாட். காற்றுக்குள் அவ்வளவு பலம் இருக்கிறது. விசிறி அந்தப் பலத்தை எடுக்கிறது. ஓடும் கார் அதே காற்றைப் பிளந்துகொண்டு போக வேண்டும் என்பதால், நாம் பலத்தைக் கொடுக்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஊருக்குள் போகும்போது இருக்கும் தடை, 70இல் கிளிநொச்சிக்குப் போகும் ஏ9 வீதியில் ஏறக்குறைய இரட்டிப்பு.

இனிச் சைக்கிளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

[காட்சி: கூரையில் உள்ள சைக்கிளின் ஹாண்டில், பிரேக் கம்பி, கூடை, போக்குக் கம்பிகள், மட்காட் ஒவ்வொன்றாக, மிக அருகில்.]

கார் வழுவழுப்பாக, முட்டை மாதிரி. காற்று முன்னால் பிரிந்து, கூரையைத் தடவி, பின்னால் சேர்கிறது. ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்வது காற்றுத்தடை எண். பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார்களுக்கு அது 0.25 அளவில் இருக்கும். அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பொறியியலாளர்கள் வருடக் கணக்காக மினக்கெட்டிருக்கிறார்கள். சைக்கிளோ வெறும் உருண்டைக் குழாய்கள். உருண்டைக் குழாய்க்கு அந்த எண் 1க்கு மேலும் போகும். அதாவது ஒரே பரப்பளவை எடுத்துப் பார்த்தால், குழாய் காரைப் போல நான்கு மடங்கு காற்றைத் தடுக்கும். போதாததற்கு அதைக் கொண்டுபோய்க் கூரையில் வைக்கிறோம். முன்கண்ணாடியில் ஏறி வரும் காற்று கூரைக்கு மேலேதான் இன்னும் வேகமெடுக்கும். நம்ம சின்னவளின் கூடை அந்த இடத்தில் காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

சரி, இது எல்லாக் காருக்கும் பொதுவான கதை. ஹைபிரிட்டில் என்ன விசேஷம்?

இங்கே டைனமோவைப் பற்றிக் கதைக்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை ஒன்று நம்மிடம் இருக்கிறது. மாமாவும் அதில் ஒருவர். டைனமோவை ரயரில் அழுத்தினால் சில்லு இறுகும், பெடல் பாரமாகும், லைற் எரியும். ஹைபிரிட் காரும் அதைத்தான் செய்கிறது. நீங்கள் பிரேக்கில் கால் வைக்கும்போது மோட்டர் டைனமோவாக மாறிச் சில்லை இறுக்கிப் பிடிக்கிறது, அந்த மின்சாரம் பற்றரிக்குப் போகிறது. பிறகு கார் கிளம்பும்போது அதே மின்சாரம் தள்ளிவிடுகிறது.

ஆகவே பாரத்துக்குச் செலவழித்த சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். ஓடும் காரின் வேகத்துக்குள் அது சேமிப்பாகக் கிடக்கிறது, வீதியில் மாடு குறுக்கே வந்தால் பற்றரிக்கு லாபம். காற்றுக்குக் கொடுத்தது அப்படி வராது. அது ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் சுழன்று போய்விட்டது. இன்னொன்றும் நடக்கிறது: அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தவுடன், பற்றரிக்குப் போக வேண்டிய சக்தியைக் கூரையில் இருக்கும் சைக்கிள் முந்திக்கொண்டு காற்றில் கரைத்துவிடுகிறது. என்ஜினை அணைத்துவிட்டு மோட்டரில் மிதந்து போகும் அந்த அமைதியான துண்டுகள் குறுகிப்போகும், என்ஜின் அடிக்கடி விழிக்கும். வன்னிக்குள் ஏ9 பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத வீதி. பிரேக் பிடித்துச் சம்பாதிக்கும் வாய்ப்பே குறைவு, காற்றுத்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

"ஹைபிரிட்டில் சைக்கிள் ஏற்றினால் மற்றக் காரை விட அதிகம் நட்டம்" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாகச் சரியில்லை. ஒரு கணக்குப் போடுவோம்.

[காட்சி: கொப்பித் தாளில் பேனையால் எழுதும் கை.]

ஹைபிரிட் கார் லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுகிறது. 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றர். சைக்கிள் கட்டியதால் அரை லீற்றர் கூடியது என்று வைப்போம், 4.5 லீற்றர். இப்போது லீற்றருக்கு 22.2. பழைய பெற்றோல் கார் லீற்றருக்கு 12.5 ஓடுகிறது, 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர். அதற்கும் அதே அரை லீற்றர் கூட்டுங்கள், 8.5. லீற்றருக்கு 11.8.

ஒன்றில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் போனது, மற்றதில் 1 கூடப் போகவில்லை. ஆனால் இரண்டும் குடித்தது ஒரே அரை லீற்றர்தான். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவனின் தட்டில் ஒரு அகப்பை கூடினால் உடனே கண்ணில் படும், அவ்வளவுதான். நாம் லீற்றருக்கு எத்தனை என்று கதைத்துப் பழகியதால் ஏமாறுகிறோம்.

ஆனாலும் அந்த அரை லீற்றர் சின்ன விஷயம் இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பெற்றோல் 470 ரூபாய்க்குப் போன வருடம் அது. 20 லீற்றரில் 500 கிலோமீற்றர் ஓடவேண்டிய கார், கூரையில் சைக்கிளோடு 444இல் நின்றுவிடும். வித்தியாசம் 56 கிலோமீற்றர். அந்த நாட்களில் வன்னியில் பாதிப் பேர் சைக்கிளை எங்கும் ஏற்றவில்லை, சைக்கிளில்தான் ஏறினார்கள்.

[காட்சி: மூன்று விதமாகச் சைக்கிள் ஏற்றிய கார்கள்.]

அப்படியென்றால் எங்கே வைப்பது? கூரையில் பெரிய பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை சிக்கனம் குறையும், பின்னால் வைத்தால் 1 முதல் 5 சதவீதம்தான் என்று அதே அமெரிக்க அரசுக் கணக்குச் சொல்கிறது. இது பெட்டிக்கான கணக்கு, சைக்கிளுக்கு எண் அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். காருக்குப் பின்னால் இருப்பது காரே மறைத்துக் கொடுக்கும் இடம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அக்குவாவின் அகலம் 1.695 மீற்றர். நம் ஊர்ப் பெரிய சைக்கிளைக் குறுக்கே கட்டினால் இரண்டு பக்கமும் சில்லு வெளியே நீட்டும். நீட்டும் சில்லு காற்றையும் பிடிக்கும், முந்திச் செல்லும் மோட்டார் சைக்கிள்காரரின் முழங்காலையும் பிடிக்கும். பின் லைற்றும் நம்பர் பிளேற்றும் மறையாமல் பாருங்கள். டிக்கியைத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகை உள்ளே வரும்.

உள்ளே வைப்பதுதான் மலிவு. பின்சீற்றை மடித்து, முன்சில்லைக் கழற்றினால் ஒரு சைக்கிள் போகும். காற்று நட்டம் பூச்சியம். ஆனால் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்சீற்றை ஒட்டி ஒரு சின்னச் சல்லடை மாதிரித் துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கக் காற்று உறிஞ்சும் வழி அது. சீற் அழுக்காகாமல் இருக்கச் சாக்கை விரித்து அதையும் மூடிவிடுவார்கள். வன்னிச் செம்புழுதி ஏற்கெனவே அங்கே போய் அடைந்திருக்கும், அதன் மேல் சாக்கு வேறு. பற்றரி சூடேறினால் வரும் செலவுக்கு முன் அரை லீற்றர் பெற்றோல் ஒன்றுமே இல்லை.

கூரைதான் வழி என்றால் கூடையைக் கழற்றி உள்ளே போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். 70இல் இருந்து 60க்கு வந்தால் காற்றுத்தடையில் கால்வாசிக்கு மேல் குறையும். வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு 75 கிலோமீற்றர் என்று வைத்தால், பிந்துவது 11 நிமிடம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, விலை பேசி முடிக்க நாங்கள் எடுத்தது அதைவிடக் கூட.

திசையையும் பாருங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும். வடக்கே போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பி வரும்போது முகத்தில் அறையும். 70இல் போகிறீர்கள், எதிரே 20இல் காற்று என்றால், கார் உணர்வது 90. தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். மீற்றரை நம்பி ஒப்பிட விரும்பினால் ஒரே துண்டு வீதியில், காற்று எழும்பாத காலை நேரத்தில், போகவும் வரவும் இரண்டையும் எடுங்கள்.

[காட்சி: கிளிநொச்சி. முற்றத்தில் இறப்பர் பட்டிகளை அவிழ்க்கும் கை. சின்னவள் சைக்கிளில் படலைக்கு வெளியே போய்விட்டாள்.]

பின்னேரம் திரும்பினோம். கூரை வெறுமை, ஆனால் குறுக்குச் சட்டங்கள் இரண்டும் அப்படியே. வெறும் சட்டமும் காற்றைப் பிடிக்கும், விசிலும் அடிக்கும். கழற்றிவிடலாம் என்று மாங்குளத்தில் காரை ஓரம் கட்டினேன். ஸ்பனர் இல்லை. சின்னவளின் கூடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்தது ஞாபகம் வந்தது. சோளகம் எதிரே, வவுனியா வரை விசில். மாமா கச்சான் உடைத்துக்கொண்டு, "இப்ப பாரமும் இல்லையே தம்பி?" என்றார்.