மேல போறது சரி, கீழ எப்படி வரும்?

[காட்சி: பத்துமலை, படிக்கட்டுக்கு முன்னால முருகன் சிலை]

வணக்கம். இந்தச் சிலையோட உயரம் 42.7 மீட்டர். இதுல கால்வாசி உயரத்துக்கு ஒரு ராக்கெட்டைச் சொந்தமா செஞ்சவர் ஸ்டீவ் ஈவ்ஸ், அமெரிக்கர். நிலாவுக்குப் போன சாட்டர்ன் 5-ஐப் பத்துல ஒரு பங்காச் சுருக்கினார். எடை ஏறக்குறைய 750 கிலோ. 2009 ஏப்ரல் 25, மேரிலாந்துல ஒரு வயல்ல இருந்து 4,440 அடி, அதாவது ஏறக்குறைய 1,350 மீட்டர், மேல போச்சு. கோலாலம்பூர் மெர்டேக்கா 118 கோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வச்சா அவ்வளவு உயரம்.

மேல போனதைவிட, அது பாராசூட்ல பத்திரமா இறங்குனதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

[காட்சி: மோட்டார் வரைபடம்]

மேல போற கதையைச் சீக்கிரம் முடிச்சிடுறேன். ராக்கெட்டைத் தள்ளுற மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்துதான் பேரு. எழுத்து ஒண்ணு ஏறினா உந்துவிசையோட மொத்த அளவு ரெண்டு மடங்கு. 'எச்' (H)னா 160-ல இருந்து 320 நியூட்டன்-செகண்ட். 'ஹை பவர்'னு சொல்ற பெரிய ராக்கெட் வகை அங்கதான் ஆரம்பம். ஈவ்ஸ் போட்டது எட்டு 'என்' (N), ஒரு 'பி' (P). எரிபொருள் அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரெண்டையும் பிடிச்சு வைக்க ரப்பர். நம்ம பாட்டிமார் பால்மரம் வெட்டுன ரப்பர் இல்ல, செயற்கை ரப்பர்.

[காட்சி: காகிதத்துல கையால போட்ட கணக்கு]

இப்ப இறக்கம். 1,350 மீட்டர்ல இருந்து பெரிய பாராசூட்ல நொடிக்கு 5 மீட்டர் இறங்குதுன்னு வைங்க. 270 நொடி ஆகும். காத்தும் நொடிக்கு 5 மீட்டர் அடிச்சா, ராக்கெட் 1,350 மீட்டர் தள்ளிப் போய் விழும். நம்ம ஊர்ல அது செம்பனைத் தோட்டத்துக்குள்ளதான் இருக்கும். போய்த் தேடுங்க!

அதனால ரெண்டு பாராசூட். உச்சியில சின்னது மட்டும் விரியும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல விழட்டும். 200 மீட்டர்ல பெருசு விரியட்டும். மொத்தம் 98 நொடிகூட ஆகாது, அரை கிலோமீட்டருக்குள்ள விழுந்துடும்.

உச்சி வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உள்ள ஒரு சின்ன கருவி காத்தழுத்தத்தை அளந்துக்கிட்டே இருக்கும். உயரம் ஏற ஏற அழுத்தம் குறையும். குறையறது நின்னா உச்சி. உடனே கொஞ்சம் கருமருந்து வெடிச்சு, உடம்பு ரெண்டாப் பிரியும். கருவி இருக்கிற அறையில காத்து வர ஓட்டை போட மறந்தா அழுத்தமே தெரியாது, பாராசூட்டும் விரியாது. முன்கூட்டியே பிரிஞ்சிடக் கூடாதுன்னு மூக்குல சின்ன நைலான் ஸ்க்ரூ. வெடிக்கும்போது மட்டும் அறுந்துபோகும். கருவி ரெண்டு, பேட்டரியும் ரெண்டு. ஒண்ணு சதி பண்ணினா இன்னொண்ணு.

கோலாலம்பூர்ல இதை முயற்சி பண்ணாதீங்க. இங்க 1957 வெடிபொருள் சட்டம் இருக்கு, தலைக்கு மேல சுபாங் விமான நிலையத்து விமானங்களும் இருக்கு.

[காட்சி: திடல், பாட்டில், சைக்கிள் பம்ப்]

அதுக்குப் பதிலா தண்ணி ராக்கெட் விடலாம். 1.5 லிட்டர் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்தி, காத்தடிச்சு, விடுங்க. ஆனா பாராசூட் கட்டுங்க. போன வாரம் எனக்கு அது விரியல. அடுத்த வீட்டு அங்கிள் கார் மேல இருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்துட்டுச் சொன்னார்: "தம்பி, அது மேல போறதுல எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

[காட்சி: குப்பைப் பையை வட்டமா வெட்டுற கை]